கழித்துப் போட்ட அலுப்பு

நடுவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவேன். எழுந்து போவது இப்போது எனக்கு ரொம்பச் சுலபம்.

எங்கள் ஒத்தவீட்டுப்பட்டியில், பேருக்குத்தான் ஒத்தவீடு, மேலத் தெருவும் பஜார்த் தெருவும் மந்தைத் திடலுக்குப் போகிற பாதையும் வந்து முட்டுகிற முக்கில், ஒரு ஆளுடைய அலுப்பு தரையில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது, ஆனால் அதை மிதித்தவன் அடுத்த மின்கம்பம் வருவதற்குள் கொட்டாவி விட்டான், அதற்கடுத்த கம்பத்தில் கையை ஊன்றி நின்றான், வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்து தூங்கினான். இதற்காக ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. முக்கில் கழித்துப் போட்டதை மிதித்தால் பிடிக்கும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்ததுதானே. மற்ற முக்குகளில் எலுமிச்சம்பழம் கிடக்கும், இங்கே அலுப்பு கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அது என் மாப்பிள்ளையின் அலுப்பு.

மாப்பிள்ளை பேர் சவுந்தரபாண்டி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்தால் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். கருகின செம்புக்கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார், கொடுக்கும்போது கூடவே ஒரு வசவும் கொடுப்பார்.

"ரிலேயக் கழட்டிட்டு லைன டைரக்ட் பண்ணீகளா இல்லையா? பொய் சொல்லக் கூடாது."

"தண்ணி பாஞ்சு முடியிறதுக்குள்ள சும்மா சும்மா நின்டுபோகுதுண்ணே."

"நின்டா நிக்கட்டும்யா. மோட்டாருக்கு மூச்சு முட்டுறப்ப நிறுத்துறதுக்குத்தான் ரிலே. அழகுக்கா மாட்டி வெச்சிருக்கு? நிக்கத் தெரிஞ்ச மோட்டாருதான் பொழைக்கும்."

இதை அவர் வாயால் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என் சம்சாரம் போனபிறகு பஸ் டிரைவராக இருந்து ஓய்ந்த நான் மகள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன், கடை கீழே.

மாப்பிள்ளைக்கு உட்கார்ந்தே செய்கிற வேலை, நாற்பதைத் தாண்டினதும் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார், நடந்தார். நடந்தவரை விடியல் ஓட்டக் குழு என்று கிளிப்பச்சைச் சட்டை போட்ட கூட்டம் ஒன்று பிடித்துக்கொண்டது, நடந்தவர் ஓடினார். சர்க்கரை இறங்கியது, தொப்பை கரைந்தது, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார், என் மகள் பரிமளா கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள், அதுவும் தொளதொள என்று இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

பிறகு ஒருநாள் மதுரையில் நடந்த பெரிய ஓட்டத்தில் ஓடிப் பதக்கத்தோடு வந்தார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. வந்தவர் கட்டிலில் விழுந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, அலுப்பு அலுப்பு என்று முனகிக்கொண்டே கிடந்தார். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பரிமளா விளக்கு வைத்த நேரத்தில் உப்பும் மிளகாய் வற்றலும் முச்சந்தி மண்ணும் எடுத்து அவரை எழுப்பி உட்காரவைத்துச் சுற்றினாள். நாய்க்கண்ணு நரிக்கண்ணு, ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு, கொள்ளிக்கண்ணு என்று வரிசையாகச் சொல்லி, எல்லாக் கண்ணும் போகணும் என்று முடிக்க வேண்டும். அவர் காதோரம் அலுப்பு அலுப்பு என்று விடாமல் முனக, இவள் நாக்கு இடறி, "எல்லா அலுப்பும் போகணும், போனது திரும்பி வரவே கூடாது" என்று முடித்துவிட்டாள். முக்கில் கொண்டுபோய்ப் போட்டாள், திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வழக்கப்படி எல்லாம் சரியாகச் செய்தாள். ஒரு வார்த்தைதான் மாறிப்போச்சு.

வீட்டுக்குள் வந்தால், மாப்பிள்ளை எழுந்து நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் காட்டிக்கொடுத்தது எருமைகள். மந்தையிலிருந்து திரும்புகிறவை முக்கு வந்ததும் வரிசையாகப் படுத்தன, அசைபோடக்கூட மறந்து தூங்கின. பிறகு தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் நிழலிலேயே சாய்ந்தார். பிறகு ஒரு கல்யாண ஊர்வலம் முக்கைத் தாண்டினதும் தவில்காரருக்குக் கை தொங்கி, நாயனக்காரருக்கு மூச்சு தொங்கி, ஜோடித்த காருக்குள் மாப்பிள்ளைப் பையன் மாலையோடு குறட்டை விட, பெண்வீட்டார் குடிகாரப் பயலுக்கா கட்டிக்கொடுக்கிறோம் என்று சண்டைக்கு வந்து, முக்கைத் தாண்டி வந்த வேகத்தில் அவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்து போனார்கள்.

முக்கில் டீக்கடை வைத்திருப்பவள் தவமணி. குரலைக் கேட்டால் பால் தானாகப் பொங்கும். அவள்தான் கண்டுபிடித்தாள்.

"டிரைவரே, இது ஒங்க மாப்ள அலுப்புத்தான். நேத்து மழைக்கு அவரு ஓடல. நேத்து ஒரு மாடும் படுக்கல."

அவ்வளவுதான். ஊர் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. தூக்கம் வராதவர்கள் சாப்பிட்டு முடித்து முக்கைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். கைக்குழந்தைக்காரிகள் அழுகிற பிள்ளையின் பாதத்தை முக்கில் ஒருமுறை ஒற்றி எடுத்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தெற்குத் தெரு சுற்றிப் போனார்கள். பஸ்காரர்கள் அந்தப் பக்கமே வண்டியைக் கொண்டுவர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அதில் நியாயம் உண்டு. டாக்டரம்மா மாத்திரை எழுதுகிறதை நிறுத்திவிட்டு, "போறப்ப முக்கு வழியாப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஜனங்கள், சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முக்கை மிதித்து, மிதித்த இடத்திலேயே சரிந்தார்கள். தவமணி பாய் விரித்தாள். மாப்பிள்ளை ஓடுகிற படம் போட்டுப் பெரிய பிளக்ஸ் போர்டு வைத்தார்கள், கீழே ஊர் பொதுமக்கள் என்று போட்டு.

ஊர் தூங்கியது. மாப்பிள்ளை தூங்கவில்லை.

எப்படித் தூங்குவார்? அலுப்பு இல்லாதவனுக்குத் தூக்கம் எந்த வாசலில் நுழையும்? முதலில் விடியலில் மட்டும் ஓடினார். பிறகு விளக்கு வைக்கிற நேரத்திலும் ஓடினார். பிறகு சாப்பிட்டுக் கை கழுவின கையோடு, பாதி சுற்றின காயிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மேலத் தெரு, மந்தை, கண்மாய்க்கரை, முக்கு, மறுபடி மேலத் தெரு. தப்தப் தப்தப் என்று அந்தச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்மாய்க்கரைப் பக்கம் போகும்போது தேய்ந்து இல்லாமல் போகும். அப்போது பரிமளா அரைக்கிற மிக்சியை நிறுத்திவிட்டு, தாளிக்கிற அடுப்பை அணைத்துவிட்டு, கையை மார்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் திரும்பி வரும். வந்தால் மூச்சு விடுவாள், விட்ட மூச்சிலேயே அடுத்த பயம் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் வந்தது நிற்கவில்லையே, மறுபடி போகிறதே. வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் சோறு தின்றோம்.

அவர் தின்னவில்லை. இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். கன்னப்பொட்டு குழிந்துபோனது. பிடித்த சளி விடவே இல்லை. செம்புக்கம்பி கிழித்த விரல்காயம், கம்பி கிழித்து மாதங்கள் ஆகியும், நேற்றுக் கிழித்த மாதிரி சிவப்பாகவே இருந்தது. வாடிக்கையாக வருகிற சம்சாரிகள் மேல் எரிந்து விழுந்தார், திருகுளியை விட்டெறிந்தார், எறிந்துவிட்டு அழுதார். உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்தில் நாடி பல்லியின் தொண்டை மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. உடம்பு உட்கார்ந்திருந்தது, உள்ளே ஓட்டம் நிற்கவில்லை.

டீக்கடையில் இதை வைத்து வழக்கு நடந்தது.

"ஓடுறது ஒடம்புக்கு நல்லதுதானய்யா. நல்லது எப்பிடி அதிகமாகும்?" இது கிளிப்பச்சைச் சட்டைக்காரன் ஒருவன்.

"சோறும் நல்லதுதான்," என்றேன் நான். "பானையோட தின்னு பாப்பம்."

"டிரைவரு முப்பது வருசமா ஒக்காந்தே ஊரச் சுத்துனவரு. அவருக்கு என்ன தெரியும் ஓட்டம்?"

"வண்டிக்கு ஓட்டம் தெரியும்டா. பிரேக்குத் தெரியாதவன் கையில வண்டியக் குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

சிரித்தார்கள். மாப்பிள்ளை ஓடி வந்தார். தவமணி ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்ட, நிற்காமல் வாங்கிக்கொண்டு போனார். வேனில் வந்து காத்திருந்த ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் ஓட ஓடத்தான் முக்கில் அலுப்பு விழும், விழ விழத்தான் இவர்களுக்குத் தூக்கம். கை தட்டாமல் என்ன செய்வார்கள்?

முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியிருப்பதைப் பார்த்து பரிமளா அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். நானும் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"எலும்புல கீறல் விட்டிருக்கு. இந்தக் காலோட நடந்தா வந்தீங்க?"

"இல்லைங்க டாக்டர். ஓடி வந்தேன்."

"வலிக்கலையா?"

"வலிக்குது. ஆனா நிக்கச் சொல்லி எதுவும் சொல்ல மாட்டேங்குது."

டாக்டரம்மா கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "ஓட்டம் ஒடம்ப உடைக்கும், தூக்கம் ஒட்டும். ஒட்டி எந்திரிச்சாத்தான் முன்னவிட பலம் வரும். நீங்க உடைச்சுக்கிட்டே இருக்கீங்க. தூங்கவே இல்லையா?"

"அலுப்பக் கழிச்சுப் போட்டாச்சுங்க டாக்டர்."

"ஓ," என்றார். "அந்த முக்குல கெடக்குறது ஒங்க அலுப்புத்தானா?" எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். அவர் அனுப்பின ஜனங்கள் அத்தனை பேரும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். "இப்பிடியே போனா ஒருநாள் நெஞ்சு நின்னுரும்," என்றார். "மெதுவா நிக்காது. பட்டுனு நிக்கும்."

ரோட்டுக்கு வந்ததும் பரிமளா வெடித்தாள். "அழகுக்கா மாட்டி வெச்சிருக்குன்னு ஊரு பூரா கேப்பீகளே, ஒங்க ரிலேய யாரு டைரக்ட் பண்ணுனது? நான்தானே பண்ணுனேன்? என்னைய வையிங்களேன்!"

அவர் வையவில்லை. நின்ற இடத்திலேயே கால்கள் குதித்துக்கொண்டிருந்தன.

முக்கில் கொண்டுபோய் அவரையே மிதிக்கவிட்டோம். ஒன்றுமில்லை. உட்காரவைத்தோம், புரண்டு எழச் சொன்னோம், அந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசினோம். கழித்தது கழித்தவனுக்கு ஒட்டாது, அதுதானே கழிப்பு. பக்கத்தில் மிதித்த வெளியூர்க்காரன் அப்படியே சாய்ந்து தூங்கினான், அவனைப் பார்த்து மாப்பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டினார், பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி.

பரிமளா மந்தையில் ஊரைக் கூட்டினாள். முதலில் ஓடும்போது பழம் கொடுக்காதீர்கள், கை தட்டாதீர்கள் என்றாள். அதற்கே முணுமுணுப்பு. ஒரு பொம்பளை பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்: "பொறந்ததுலருந்து இப்பத்தான்க்கா தூங்குது." பொய்யில்லை. அந்தப் பிள்ளை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள் பரிமளா. "அவுக அலுப்பு அவுகளுக்குத் திரும்பி வராது. அடுத்தவுக அலுப்பு ஒட்டும். யாராச்சும் ஒருத்தரு ஒங்க அலுப்பக் கழிச்சுக் குடுங்க. அவுகள மிதிக்க வெக்கிறேன்."

மந்தையே சிரித்தது. இதற்கா இத்தனை அழுகை? அலுப்பு யாரிடம் இல்லை? கைகள் எழும்பின. "எடுத்துக்கத்தா, மூடை மூடையா கெடக்கு!" என்றான் கரும்பு வெட்டுகிறவன். "பாத்திரம் தேச்ச அலுப்ப மொதல்ல எடு!" என்றாள் தவமணி. "எங்க வீட்டம்மாளோட இருந்த அலுப்பு ஒன்னே போதும், ஒரு யானை தூங்கும்!" என்றார் ஒருவர், அந்த அம்மாள் பின்னாலிருந்து முந்தானையால் அடித்தாள். கை தூக்காதவர் ஒருவர் இல்லை.

அப்போது தப்தப் தப்தப் என்று சத்தம் வந்தது. மாப்பிள்ளை மந்தை வழியாக ஓடிப் போனார். வெயில் முகத்தில் நேராக அடித்தது. இவ்வளவு நாளும் ஜனங்கள் பிளக்ஸ் போர்டில் இருந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஓடுகிற முகத்தைப் பார்த்தார்கள். மூடவே மறந்த கண்கள், வறண்ட உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று, கீறல் விட்ட கால் ஒரு பக்கமாகத் துவள, துவண்டும் நிற்காமல். அவர் தாண்டிப் போனார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கரும்பு வெட்டுகிறவன் தன் கையைத் தானே பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். கூட்டம் கலைந்தது, கலையும்போது ஒவ்வொருவரும் நெட்டி முறித்து, கொட்டாவி விட்டுப் பார்த்துக்கொண்டார்கள், மடியில் முடிந்தது பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி.

அன்று வீட்டு வாசல் தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்தார். குடிக்கும்போதும் கால் தாளம் போட்டது. நான் பக்கத்தில் போனேன். ஒரு வாசம் அடித்தது. கடையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன், கடை பூட்டியிருந்தது. வார்னிஷ் தீய்ந்த வாசம். காயில் கருகுவதற்கு முன்னால் வருமே, அந்த வாசம். அவர் மூச்சிலிருந்து வந்தது.

"மாப்ளே, செத்த ஒக்காருங்க."

"எனக்கே பயமா இருக்கு மாமா," என்றார். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "நிக்கணும்னுதான் நெனைக்கிறேன். எங்க நிக்கிறதுன்னு தெரிய மாட்டேங்குது. எல்லா எடமும் ஒன்னு போலயே இருக்கு." சொம்பை வைத்துவிட்டு ஓடினார்.

நான் உள்ளே போய், "பரிமளா, உப்ப எடு," என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்தது. "வேணாம்ப்பா."

"மொளகாயும் எடு."

"அதக் குடுத்துட்டா ஒங்களுக்கு என்னப்பா மிஞ்சும்?"

"மிஞ்சுறத நாளைக்குப் பேசுவோம். நேரமாகுது."

என் அலுப்பு லேசான அலுப்பு இல்லை. அதில் உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் நடுவே கணவாய் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறின அலுப்பு இருந்தது, படிக்கட்டில் தொங்குகிறவன் விழுந்துவிடுவானோ என்று கண்ணாடியையே பார்த்த அலுப்பு, தீபாவளிக் கூட்டத்தின் அலுப்பு, பரிமளாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்டியரிங்கிலிருந்து கட்டில்காலுக்கும் கட்டில்காலிலிருந்து ஸ்டியரிங்குக்குமாக அலைந்த அலுப்பு, அவள் போனபிறகு அடுப்பு மூட்டாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அலுப்பு, அதுதான் எல்லாவற்றிலும் கனம். எல்லாம் என்னிடம் இருந்தது. அதன்மேல் தலையை வைத்துத்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைத்ததும் மகள் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினாள். கண்ணீர் உப்பில் விழுந்தது. நாக்கு எழவில்லை. "சொல்லு," என்று அதட்டினேன். "எங்கப்பாவோட எல்லா அலுப்பும் போகணும்," என்றாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள். திரும்பி வரக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், வைய மனசு வரவில்லை.

முக்கில் தவமணி டீ வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றாள். கூட்டத்தில் கையை இறக்கினவள்தான். "ஒரு பய கால வெக்கக் கூடாது! வெச்சீங்க, கொதிக்கிற பால ஊத்திருவேன்!" வேனில் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பரிமளா போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பிறகுதான் சுவர் தேவையில்லை என்று தெரிந்தது.

தப்தப் தப்தப். கண்மாய்க்கரையிலிருந்து வந்தார். முக்கை மிதித்தார். மிதித்துத் தாண்டியும் போய்விட்டார். பரிமளா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்சம் ஓடினார், ஓட்டம் நடையானது, நடை தயக்கமானது, நின்றார். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தெரு நடுவே பிளக்ஸ் போர்டுக்குக் கீழே மெதுவாக உட்கார்ந்து, என்னைத் தேடிப் பார்த்து, ஒளித்து வைத்த பண்டத்தைக் கண்டெடுத்தவர் மாதிரிச் சொன்னார்:

"மாமா. அலுப்பா இருக்கு மாமா."

அப்படியே சாய்ந்தார். கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து தூக்கிப் போனோம். நாள்கணக்காகத் தூங்கினார். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து மாவுக்கட்டுப் போட்டார், அதற்கும் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே நல்ல கால் பிரேக்கை மிதித்தது, கைகள் பெரிய வட்டமாக எதையோ ஒடித்துத் திருப்பின, வாய் ஊர்களைச் சொன்னது: கணவாய், ஆண்டிபட்டி, க.விலக்கு, தேனி, எல்லாம் எறங்கு. ஒருமுறை என் சம்சாரத்தின் பேரைச் சொல்லி விசும்பினார். அவளை அவர் ஒரு தடவைகூட அவ்வளவு உரிமையாகப் பேர் சொன்னதில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். விழித்ததும் கஞ்சி கேட்டார். கம்பி கிழித்த காயம் பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தில் நாடியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது அவர் வாரத்தில் சில நாள் மட்டும் நடக்கிறார், அலுத்தால் உட்கார்ந்துவிடுகிறார், உட்கார்ந்த இடத்தில் சிரிக்கிறார். கடையில் பழையபடி வசவு கேட்கிறது. வேன்கள் வருவது நின்றது. ஊர் கொஞ்ச நாள் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எனக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. முழங்கால் வலி கேட்கவில்லை, மாடிப்படி சமதரை மாதிரி. படுத்தேன், தூக்கம் வரவில்லை, சரி வயசாகிவிட்டது என்று நினைத்தேன். பரிமளாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை நினைத்தேன். நினைவு வந்தது, கனக்கவில்லை. வேறு யாரோ வீட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன். எழுந்து நடந்தேன். நடந்தால் பயம் கொஞ்சம் பின்தங்குகிறது, நின்றால் வந்து பிடித்துக்கொள்கிறது.

நேற்று முக்கில் ஒரு எருமை படுத்தது.

தவமணி பார்த்தாள், நானும் பார்த்தேன். எருமையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து உரித்து நீட்டினாள்.

"நடங்க டிரைவரே," என்றாள். "நல்லா நடங்க. வயசான காலத்துல நடக்குறது ஒடம்புக்கு நல்லதுதான." அவளுக்குப் பின்னால் பழைய பாய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

வீட்டில் பரிமளா மறுபடியும் மிக்சியை நிறுத்தி நிறுத்தி அரைக்கிறாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் வரும்போதெல்லாம் என் மூச்சை மோந்து பார்க்கிறார், பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

பேசினது போதும், உட்கார முடியவில்லை. கண்மாய்க்கரை வரை போய்விட்டு வருகிறேன்.

நடந்துதான். இன்னும் ஓடவில்லை.